ஸ்வார்ட்ஃபிஷ் மறுபடி பார்த்தேன்: இது ஹேக்கிங் படமா, ஹேக்கிங் காமெடியா?

நைட்ஷிஃப்ட்:
சனிக்கிழமை ராத்திரி எங்கள் பி.ஜி.யில் வைஃபை போய்விட்டது. பெங்களூரு பெல்லந்தூரில் ஐ.டி. பசங்க ஆறு பேர் நெட் இல்லாமல் ஒரே அறையில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும், யாராவது ஒருத்தன் பழைய ஹார்டு டிஸ்கைத் தோண்டி எடுப்பான். அதில் கிடைத்தது ஸ்வார்ட்ஃபிஷ். 2001-ல் வந்தது, டொமினிக் சேனா இயக்கம். ஜான் ட்ரவோல்டா வில்லன், ஹ்யூ ஜாக்மன் ஹேக்கர், ஹாலி பெர்ரி யார் பக்கம் என்று கடைசி வரைக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் படிக்கும்போது டி.வி.யில் பாதி வசனம் பீப் சத்தத்தில் போக, கதையே புரியாமல் வாய் பிளந்து பார்த்த படம். இதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தேன் என்றால் வீட்டில் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான். இப்போது ராத்திரி முழுக்க யாரோ ஒருவரின் பாஸ்வேர்டை ரீசெட் செய்து டிக்கெட் மூடிக்கொண்டிருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதை: எஃப்.பி.ஐ.யின் மின்னஞ்சல் உளவு மென்பொருளை நாசம் செய்து ஜெயிலுக்குப் போய் வந்தவர் ஜாக்மன். கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது என்று கோர்ட் உத்தரவு. டெக்சஸில் ஒரு டிரெய்லர் வீட்டில், மகளைப் பார்க்க முடியாமல், கையில் காசில்லாமல் கிடக்கிறார். சும்மா வந்து ஒருத்தரைச் சந்தித்தாலே ஒரு லட்சம் டாலர் என்று ஹாலி பெர்ரி வந்து கூப்பிடுகிறார். அந்த ஒருத்தர் ட்ரவோல்டா. அமெரிக்க அரசின் ரகசியக் கணக்கு ஒன்றில் தூங்கிக்கொண்டிருக்கும் 950 கோடி டாலரை எடுக்க வேண்டும், அதற்கு ஹேக்கர் வேண்டும்.

முதல் பத்து நிமிடம் இன்னும் மிரட்டுகிறது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அதற்கப்புறம்தான் எங்கள் அறை இரண்டாகப் பிரிந்தது. செக்யூரிட்டி டீமில் இருக்கிற இரண்டு பேர் தரையில் புரண்டு சிரித்தார்கள். மற்ற மூன்று பேர், சேல்ஸ் ஆட்கள், அவர்களை அடக்கிவிட்டு ரசித்தார்கள். நான் நடுவில். உங்கள் கட்சி என்ன?

சில்க்போர்டு சிக்னல்:
சிரித்த கட்சி. பத்து வருஷமாக பெனட்ரேஷன் டெஸ்டிங்தான், அதாவது கம்பெனிகள் கேட்டு அவர்களுடைய சிஸ்டத்துக்குள்ளேயே புகுந்து ஓட்டை தேடுகிற வேலைதான், சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைட் கிளப்பில் வைத்து ஒரு பரீட்சை வருமே, நெற்றியில் துப்பாக்கி, இன்னொரு பக்கம் ஒரு பெண் வேறு கவனத்தைக் கலைக்கிறாள், 60 விநாடிக்குள் பாதுகாப்புத் துறை கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும், 128 பிட் என்க்ரிப்ஷன், அதாவது 128 பிட் நீளச் சாவி போட்ட பூட்டு. அந்த எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். 128 பிட் சாவியில் மொத்த வாய்ப்புகளை எழுதினால் 39 இலக்கம் வரும். ஒரு விநாடிக்கு ஒரு லட்சம் கோடி சாவியைப் போட்டுப் பார்க்கிற மெஷின் ஒன்று கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க சுமார் ஒரு லட்சம் கோடி கோடி வருஷம். பிரபஞ்சத்துக்கே வயது 1,380 கோடி வருஷம்தான். ஜாக்மன் 60 விநாடியில் முடிக்கிறார், அதுவும் அந்த நிலைமையில்!

அதே 60 விநாடியில் உள்ளே போக வழியே இல்லை என்று சொல்லவில்லை. பூட்டை யாரும் உடைப்பதில்லை, சாவியை எங்கே மாட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுவோம். என்க்ரிப்ஷன் எத்தனை பிட்டாக இருந்தாலும் சரி, அட்மின் பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில் இருந்தால் கதை முடிந்தது. படத்தில் அதைக் காட்டியிருந்தால் நானே எழுந்து நின்று விசில் அடித்திருப்பேன்.

அல்சூர் பேரன்:
சிக்னல் அண்ணா, ஒரு உதையில் பத்து பேர் பறந்து போய் சுமோ கண்ணாடியில் விழுகிற படத்தை லாவண்யா தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்து வளர்ந்தவன் நான். அப்போது நியூட்டனைக் கேட்டோமா? இதற்கு மட்டும் எதற்கு இலக்கம் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?

சினிமாவாகப் பேசுவோம். அந்த முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரவோல்டா காபி குடித்துக்கொண்டே ஹாலிவுட் படங்கள் ஏன் மோசம் என்று நிதானமாகப் பேசுவார். எதிரே இருப்பது யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. பேசி முடித்து வெளியே வருகிறார், வாசலில் போலீஸ் பட்டாளம், தெரு முழுக்கத் துப்பாக்கி. உள்ளே பிணைக்கைதிகள், ஒவ்வொருவர் உடம்பிலும் வெடிமருந்தும் இரும்புக் குண்டுகளும் கட்டியிருக்கிறது. யாரோ ஒரு அவசரக்குடுக்கை போலீஸ்காரர் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று இழுத்துக்கொண்டு ஓட, குண்டு வெடிக்கிறது. கேமரா அந்தத் தெருவையே சுற்றி வருகிறது, கார்கள் புரள்கின்றன, குண்டுகள் காற்றில் மிதக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி எடுத்த ஷாட் அது. தயாரிப்பாளர் ஜோயல் சில்வர், 1999-ல் மேட்ரிக்ஸ் எடுத்தவர், கையில் வித்தை இருந்தது, விளையாடிவிட்டார்.

என் வருத்தமெல்லாம் அந்த உச்சத்தைப் படம் அப்புறம் ஒருமுறைகூடத் தொடவில்லை என்பதுதான். கடைசியில் ஒரு பஸ்ஸையே ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கட்டடங்களுக்கு நடுவே பறப்பார்கள், பெரிசாகத்தான் இருந்தது, ஆனால் நெஞ்சு அடிக்கவில்லை. முதல் காட்சியில் எனக்கு அடித்தது.

ஃபில்டர் காபி:
எல்லோரும் 60 விநாடியிலேயே நிற்கிறீர்கள். அந்தக் காட்சி எனக்கு அருவருப்பு, அதில் தொழில்நுட்பம் சரியா தப்பா என்பது அப்புறம் பேச வேண்டியது. அந்தப் பெண்ணைச் சும்மா ஒரு பொருள் மாதிரி காட்டுகிறார்கள். ஹாலி பெர்ரியையும் அப்படித்தான் பாதி படம் வைத்திருக்கிறார்கள். அதற்கடுத்த வருஷம் ஆஸ்கர் வாங்கின நடிகை அவர்! இத்தனைக்கும் உள்ளே இருப்பதிலேயே சுவாரசியமான பாத்திரம் அவருடையதுதான். போலீஸ் உளவாளி என்று ஜாக்மனிடம் ஒரு கதை, ட்ரவோல்டாவிடம் வேறு கதை. எழுதத் தெரிந்தவர் கையில் கிடைத்திருந்தால் அந்தப் பாத்திரமே தனிப் படம்.

இன்னொரு பக்கம், எல்லோரும் கிண்டல் செய்கிற அந்த வைரஸ் எழுதுகிற காட்சி இருக்கிறதே, மேஜை நிறைய திரை, ஒயின் பாட்டில், பால் ஓகன்ஃபோல்டு இசை, ஜாக்மன் நாற்காலியோடு சுற்றுகிறார், ஆடுகிறார், திட்டுகிறார், மறுபடி தட்டுகிறார். திரையில் வண்ண வண்ணக் கனசதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அபத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உடம்பு சொல்வது பொய் இல்லை. போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி, ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்று நாளாக ஃபெயில் ஆகிக்கொண்டிருந்த ஒரு டெஸ்ட் பாஸ் ஆகிப் பச்சையாக மாறினபோது, யாருமே இல்லாத ஆபீஸில் நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போனேன். செக்யூரிட்டி அங்கிள் பயந்துவிட்டார்.

சில்க்போர்டு சிக்னல்:
//அந்த உடம்பு சொல்வது பொய் இல்லை//
சரி, இதை விட்டுக்கொடுக்கிறேன்.

பழைய கேசட்:
ஸ்ரீராமபுரத்தில் சி.டி. வாடகைக் கடை வைத்திருந்தவன். இந்தப் படம் இரண்டு வி.சி.டி.யாக வரும். முதல் டிஸ்கை மட்டும் நாலு நாள் திருப்பித் தராமல் வைத்திருந்த காலேஜ் பையன்களை இன்னும் ஞாபகம் இருக்கிறது. காரணம் நீங்கள் நினைப்பதுதான், விளக்க வேண்டாம். ஒரு பையன் மட்டும் வந்து, "அண்ணா, அந்தக் கார் எந்தக் கம்பெனி" என்று கேட்டான். டி.வி.ஆர். டஸ்கன், பிரிட்டிஷ் கார். எனக்கு அப்போது தெரியாது, அவனே ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்து வந்து சொன்னான்.

இன்னொன்று, படத்தின் பெயரே ஒரு பழைய ஜோக். 1932-ல் மார்க்ஸ் சகோதரர்கள் ஒரு நகைச்சுவைப் படத்தில் நடித்தார்கள், அதில் ரகசிய மதுக்கடைக்குள் போகச் சொல்ல வேண்டிய கடவுச்சொல் ஸ்வார்ட்ஃபிஷ். அதிலிருந்து ஹாலிவுட்டில் எங்கே பாஸ்வேர்டு வந்தாலும் யாராவது இந்த வார்த்தையைப் போட்டு விளையாடுவார்கள். ஹேக்கர் படத்துக்கு அதையே தலைப்பாக வைத்தது எனக்குப் பிடிக்கும். இதுபோலத்தான் ஆரம்பத்தில் விமான நிலையத்தில் மாட்டுகிற பின்லாந்து ஹேக்கரின் பெயர் டோர்வால்ட்ஸ். லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்ட லினஸ் டோர்வால்ட்ஸ் ஊர்க்காரர். எழுதினவர் கொஞ்சமாவது படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

கவுண்டர் 3:
இந்த இழைக்குள் எட்டிப் பார்த்தது என் மகன் சொல்லி. முப்பது வருஷம் வங்கி உத்தியோகம், போன வருஷம் ஓய்வு. எனக்கு உங்கள் பிட்டும் பைட்டும் தெரியாது தம்பிகளா, வட்டி தெரியும்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று ட்ரவோல்டா சொல்லும் இடத்தில் படத்தை நிறுத்தி கால்குலேட்டரை எடுத்தேன். போதைப்பொருள் தடுப்புத் துறை போலிக் கம்பெனிகள் வைத்து ஒரு திட்டம் நடத்தியது, 1986-ல் மூடும்போது கையில் 40 கோடி டாலர், பதினைந்து வருஷக் கூட்டு வட்டியில் அது 950 கோடி ஆனது. அதாவது கிட்டத்தட்ட 24 மடங்கு. வருஷத்துக்கு இருபத்து மூன்றரை சதவீதம் வட்டி! மூன்றேகால் வருஷத்துக்கு ஒரு தடவை பணம் இரட்டிப்பு. யாரும் தொடாமல் சும்மா கிடக்கிற அரசாங்கப் பணத்துக்கு இந்த வட்டியை எந்த வங்கி கொடுக்கிறது, சொல்லுங்கள், என் பி.எஃப்.ஐ அங்கே போடுகிறேன். நம் ஊரில் இப்படி வட்டி சொல்லி வருகிறவனை முதல் தடவையே வாசலோடு அனுப்பிவிட வேண்டும். எத்தனை பேர் அனுப்பாமல் சீட்டுப் பணத்தைத் தொலைத்தார்கள் என்று நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஆக அந்தப் படத்தில் எனக்கு நம்ப முடியாதது ஹேக்கிங் அல்ல, அந்த டெபாசிட்.

நைட்ஷிஃப்ட்:
ஐயா, இந்த இழையின் சிறந்த பதிவு இதுதான். 22 வருஷமாக ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லையே.

அல்சூர் பேரன்:
2001-லிருந்து எண்ணினால் 22 தாண்டியாச்சு. கணக்கு ஐயா இருக்கிற இடத்தில் ஜாக்கிரதை.

மறைகுறி:
படம் முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ள வேண்டாம், சில இடங்கள் அசலாக இருக்கின்றன. ஜாக்மன் நாசம் செய்ததாகச் சொல்லும் கார்னிவோர் கற்பனை இல்லை. எஃப்.பி.ஐ. நிஜமாகவே அந்தப் பெயரில் மின்னஞ்சலைக் கண்காணிக்கும் அமைப்பு வைத்திருந்தது, 2000-ல் வெளியே தெரிந்து பெரிய ரகளை ஆனது. பெயர் ரொம்பக் கொடூரமாக இருக்கிறது என்று பிறகு டி.சி.எஸ். 1000 என்று மாற்றிக்கொண்டார்கள். படம் வந்தபோது அது சுடச்சுடச் செய்தி.

கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்கிற நிபந்தனையும் அப்படித்தான். அமெரிக்க ஹேக்கர் கெவின் மிட்னிக் 1995-ல் பிடிபட்டு, ஐந்து வருஷம் உள்ளே இருந்து 2000 ஜனவரியில் வெளியே வந்தார். 2003 வரை அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டர், இன்டர்நெட் எதையும் பயன்படுத்தக் கூடாது. ஜாக்மன் திரையில் அந்தக் கஷ்டத்தைப் படுகிறபோது மிட்னிக் வெளியே அதே கஷ்டத்தைப் பட்டுக்கொண்டிருந்தார். ஒரு வித்தியாசம், மிட்னிக் யாருடைய நெற்றியிலும் துப்பாக்கி வைத்ததில்லை, கனசதுரம் அடுக்கியதில்லை. போனில் பேசியே காரியம் சாதித்தார். நான்தான் இன்ன பிரிவிலிருந்து பேசுகிறேன் என்பார், எதிர்முனையில் இருப்பவர் நம்பி எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இன்னும் ஒன்று, ஜாக்மன் தன் பழைய நிரலை எங்கே ஒளித்து வைத்திருப்பார்? கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஒரு பி.டி.பி.-10 கம்ப்யூட்டரில். அறுபதுகளின் மெஷின் அது. எவனும் எட்டிப் பார்க்காத கிழட்டு மெஷினில் ஒளித்து வைப்பது ஹேக்கர் மூளைதான். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒரு சர்வர் இருக்கிறது, அணைத்தால் என்ன ஆகும் என்று தெரியாததால் யாரும் அணைப்பதில்லை.

ஃபில்டர் காபி:
எல்லா ஆபீஸிலும் அது இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ரிலீஸ்:
நம் ஆட்கள் எடுத்த இரும்புத்திரையைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. 2018, இயக்குநர் மித்ரனின் முதல் படம். தங்கை கல்யாணத்துக்காகப் பொய்க் காகிதம் கொடுத்து வாங்கின கடன் பணம் வங்கிக் கணக்கிலிருந்து காணாமல் போகும்போது விஷால் முகத்தில் வருகிற அந்த ஒரு அதிர்ச்சி, ஸ்வார்ட்ஃபிஷ் மொத்தத்திலும் இல்லை. 950 கோடி டாலர் போனால் எனக்கு என்ன, யார் பணம் அது? பத்து லட்சம் போனால் வயிறு கலங்குகிறது. பின்பாதியில் அர்ஜுன் எல்லா கேமராவையும் எல்லா போனையும் ஒரு சொடுக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நம்பும்படி இல்லை என்பது வேறு விஷயம். எங்கள் அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் ஏ.டி.எம். பக்கமே போகவில்லை.

சில்க்போர்டு சிக்னல்:
உங்கள் அப்பா சரியாகத்தான் பயந்திருக்கிறார்.

நிஜத்தில் வங்கியை எப்படி அடித்தார்கள் என்று ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், ஸ்வார்ட்ஃபிஷ் எழுதினவருக்குக்கூட இவ்வளவு தோன்றியிருக்காது. வங்கதேச மத்திய வங்கி, 2016 பிப்ரவரி. ஆரம்பம் அதற்கு ஒரு வருஷம் முன்னால், வேலை கேட்டு ஒருத்தர் அனுப்பிய மின்னஞ்சல், பயோடேட்டாவைப் பாருங்கள் என்று. யாரோ திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் அவசரப்படவே இல்லை. ஒரு வருஷம் சத்தமில்லாமல் கிடந்தார்கள். அப்புறம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி. டாக்காவில் வெள்ளி விடுமுறை, நியூயார்க்கில் சனி ஞாயிறு விடுமுறை, பணம் போய்ச் சேருகிற மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று ஊர் காலண்டரை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள்! வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்புகிற ஸ்விஃப்ட் மூலமாக, அவர்கள் பணம் இருந்த நியூயார்க் பெடரல் ரிசர்வுக்கு 35 உத்தரவுகள், மொத்தம் 95.1 கோடி டாலர். உத்தரவுகளை அச்சடித்துக் காட்டுகிற பிரிண்டர் வேலை செய்யவில்லை, பிரிண்டர்தானே, எப்போதும் மக்கர் பண்ணும் என்று விட்டுவிட்டார்கள்.

எப்படி நின்றது தெரியுமா? இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் உத்தரவில் ஃபவுண்டேஷன் என்கிற வார்த்தையில் எழுத்துப் பிழை. வழியில் இருந்த ஒரு வங்கி இதென்ன என்று கேட்டது. பெரும்பாலான மற்ற உத்தரவுகள், பணம் போக வேண்டிய மணிலா வங்கிக் கிளை இருக்கும் தெருவின் பெயர் ஜூபிடர் என்பதும், அதே பெயரில் ஒரு ஈரானியக் கப்பல் தடைப் பட்டியலில் இருந்ததும் பொருந்திப் போனதால் மாட்டிக்கொண்டன. கடைசியில் 8.1 கோடி டாலர் போயே போய்விட்டது.

எங்கோ நடந்தது என்று நினைக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியில் இதே ஸ்விஃப்ட் வழியாக மூன்று பரிவர்த்தனை, மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். அவர்கள் மறுநாள் காலையிலேயே கணக்கு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஒன்று உடனே திரும்பியும் வந்தது.

கவுண்டர் 3:
கணக்கு ஒப்பிட்டு. அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் சாயந்திரம் பத்து காசு இடித்தாலும் வீட்டுக்குப் போக விடமாட்டார் மேனேஜர். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு சிவாஜிநகரிலிருந்து நடந்தே வந்த ராத்திரிகள் உண்டு. அப்போது சபித்தேன். கும்பகோணத்துச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது அந்த மேனேஜர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அல்சூர் பேரன்:
சிக்னல் அண்ணா, பயோடேட்டா, பிரிண்டர், ஸ்பெல்லிங் மிஸ்டேக். இதைப் படமாக எடுத்தால் யார் வருவார்கள், முதல் பாதி முழுக்க ஒரு வருஷம் சும்மா காத்திருக்கிறார்கள் என்று காட்டுவீர்களா?

மறைகுறி:
நான் வருவேன்.

சில்க்போர்டு சிக்னல்:
நானும். மொத்தம் இரண்டு டிக்கெட்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ்:
கதையின் நியாயத்தைப் பற்றி யாராவது பேசுங்கள். ட்ரவோல்டா சாதாரணத் திருடன் இல்லை. அமெரிக்காவைத் தொட்டால் பத்து மடங்கு திருப்பி அடிப்பேன், அதற்குத்தான் பணம் என்கிறார். ஒரு உயிரைக் கொன்று உலகத்தைக் காப்பாற்ற முடியும் என்றால் கொல்வாயா என்று ஜாக்மனிடம் கேட்கிறார். படம் வந்தது 2001 ஜூன். மூன்றே மாதத்தில் செப்டம்பர் 11. முதலில் பார்த்தபோது எனக்கு அவர் வெறும் கிறுக்கனாகத் தெரிந்தார். இப்போது பார்த்தால் அதற்கப்புறம் டி.வி.யில் கோட் சூட் போட்டு உட்கார்ந்து பேசினவர்களின் குரல் கேட்கிறது. படம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறது என்பதுதான் என் குறை.

பழைய கேசட்:
பதில் சொல்லாமல் இல்லை தம்பி, மறைத்துவிட்டுப் போகிறது. ட்ரவோல்டா நடுவில் மாயவித்தைக்காரர் ஹூடினியைப் பற்றிச் சொல்வார் பாருங்கள், ஒரு அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க யானையை மறைய வைத்தவர். 1918, நியூயார்க், நிஜமாக நடந்தது. கவனத்தை வேறு பக்கம் திருப்புவதுதான் வித்தை. படம் மொத்தமும் அந்த ஒரு வரிதான். பஸ்ஸைப் பார், ஹெலிகாப்டரைப் பார் என்று காட்டிவிட்டு ஆள் வேறு வழியில் போய்விடுகிறான். கனசதுரமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். நீங்கள் எல்லோரும் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மறைகுறி:
இது கொஞ்சம் அதிகப்படியான மரியாதை. அந்த இயக்குநர் கனசதுரத்தை வைத்தது அழகாக இருக்கும் என்றுதான்.

பழைய கேசட்:
இருக்கலாம். நான் கடைக்காரன், எந்தப் படத்தையும் நல்ல படம் என்று சொல்லித்தான் பழக்கம்.

நைட்ஷிஃப்ட்:
நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மா ஊரிலிருந்து போன். வங்கியிலிருந்து பேசுகிறோம், கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, இன்றைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவோம் என்று ஒருத்தன் நல்ல தமிழில் பேசினானாம். ஒரு லிங்க் அனுப்பினானாம். அம்மா கண்ணாடியைக் காணோம், தேடி எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல, அவன் பொறுமையாக லைனிலேயே இருந்திருக்கிறான், இருபது நிமிஷம். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்து போனை வாங்கி நாலு வார்த்தை விட்டிருக்கிறார். அம்மாவுக்கு இன்னும் சந்தேகம், "பாவம்டா, மரியாதையாத்தான் பேசினான்."

கவுண்டர் 3:
பணம் போகவில்லையே, அதுவே பெரிது. போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், சைபர் குற்றத்துக்கான எண். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அம்மாவிடம் சொல்லுங்கள், எந்த வங்கிக்காரனும் இருபது நிமிஷம் லைனில் காத்திருக்க மாட்டான். நாங்கள் இரண்டு நிமிஷம் காத்திருந்ததில்லை.

ஃபில்டர் காபி:
ஹாஹா ஐயா!

நைட்ஷிஃப்ட், அந்த ஆள் பொறுமையாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 60 விநாடி எல்லாம் அவனுக்கு வேண்டாம்.

அல்சூர் பேரன்:
சரி, கடைசியாக ஒரு கேள்வி, க்ளைமாக்ஸ். ஹாலி பெர்ரி உயிரோடு, ட்ரவோல்டா உயிரோடு, மான்டி கார்லோவில் பணத்தை மாற்றிவிட்டுப் படகில் போகிறார்கள், நடுக்கடலில் வேறு யாருடைய படகோ வெடிக்கிறது. வில்லன் ஜெயித்துவிட்டானே என்று எங்கள் வீட்டில் பாட்டிக்கு ஒரே கோபம்.

பழைய கேசட்:
டி.வி.டி.யில் வேறு முடிவும் இருக்கிறது. அதில் ஹாலி பெர்ரி வங்கிக்குப் போய்ப் பார்த்தால் கணக்கு காலி, ஜாக்மன் முன்னாலேயே வேலையைக் காட்டியிருப்பார். பாட்டிக்கு அது பிடிக்கும். அந்த டிஸ்க் என்னிடம் இருக்கிறது, கடையை மூடினபோது எடுத்து வைத்த பத்துப் பதினைந்தில் அதுவும் ஒன்று. பிளேயர்தான் செத்துவிட்டது. டி.வி.டி. டிரைவ் உள்ள லேப்டாப் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராமபுரத்துக்கு வாருங்கள், டீ என் செலவு.

ஃபில்டர் காபி:
எங்கள் ஆபீஸ் ஸ்டோர் ரூமில் அப்படி ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது, யாருக்கும் வேண்டாம், அட்மின் அண்ணாவிடம் கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் அதை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. சிக்னல் அண்ணா, உங்களால் முடியுமா?

சில்க்போர்டு சிக்னல்:
திருப்பிப் போட்டு அடியில் பாருங்கள்.

ஃபில்டர் காபி:
ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கம்பெனி பெயரும் 123-ம்.

நைட்ஷிஃப்ட்:
எத்தனை விநாடி ஆச்சு?